கெடு தவறிய மேல்முறையீடு: நோட்டீஸ் விதிகளும் சிவகாசிப் பட்டாசு வட்டாரமும்

தண்டனை பெற்ற ஒருவர் மேல்முறையீடு செய்கிறார். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதற்குள் நுழையாமலே, நோட்டீஸ் உரிய நாளில் போகவில்லை, வாய்தாவுக்கு ஆள் வரவில்லை, மனு கெடு தாண்டி வந்தது என்று சொல்லி மேல்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாமா? 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக் காலத்திலிருந்தே இந்திய நீதிமன்றங்கள் இதற்கு விடை சொல்லிவருகின்றன. விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பல ஆண்டுகள் கழித்துத் தம் விடையைத் தாமே மாற்றிக்கொண்டதும் உண்டு.

விருதுநகர் மாவட்டத்தை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அது ஒரே வழக்காக முடிவதில்லை. காவல்துறை ஒரு வழக்கு பதிவு செய்யும். தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் ஆய்வாளர் தனியாக ஒரு புகார் தாக்கல் செய்வார். உரிமம் தொடர்பாக வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் நடவடிக்கை வேறு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் யாருக்கோ, ஒரு கெடுவுக்குள், எழுத்தில் அறிவிக்க வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேரையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்ட விபத்துகளை நாடே பேசியது. ஆனால் இந்த வட்டாரத்தின் பெரும்பாலான வழக்குகள் ஒருவர், இருவர் இறந்த விபத்துகளிலிருந்து வருபவை. செய்தித்தாளில் நான்கு வரியோடு போய்விடுகிற அந்த வழக்குகளில்தான் நடைமுறை விதிகளின் எடை முழுதாகத் தெரியும்.

இந்தக் கேள்வி இதுவரை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் கேட்கப்பட்டிருக்கிறது: குறிப்பிட்ட விதி கட்டாயமானதா, வழிகாட்டும் தன்மையுடையதா? தவறியவர் யார், அதன் விளைவைச் சுமப்பவர் யார் என்று கேட்பதே கூடுதல் பயன் தரும் என்பது இக்கட்டுரையின் பார்வை. நல்ல தீர்ப்புகள் பலவற்றின் உள்ளோட்டமும் அதுதான், வெளிப்படையாக அப்படிச் சொல்லாவிட்டாலும்.

சட்டம் என்ன சொல்கிறது

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 384, 385, 386 ஆகிய பிரிவுகள் ஒரு வரிசை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 425, 426, 427. மேல்முறையீட்டில் குறுக்கிட இடமில்லை என்று தோன்றினால் தொடக்கத்திலேயே அதைத் தள்ளலாம். அப்போதும் மேல்முறையீட்டாளருக்கோ அவருடைய வக்கீலுக்கோ பேச நியாயமான வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். அப்படித் தள்ளாவிட்டால், விசாரணை எங்கே, எப்போது என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது மேல்முறையீட்டாளருக்கும் அரசு நியமித்த அலுவலருக்கும் போகும். தனிப் புகாரின் பேரில் தொடங்கிய வழக்கானால் புகார்தாரருக்கும், விடுதலையை எதிர்த்தோ தண்டனையைக் கூட்டக் கேட்டோ வந்த மேல்முறையீடானால் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் போகும். பிறகு கீழ்நீதிமன்ற ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து, வந்திருப்பவர்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வராதவரை என்ன செய்வது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. உரிமையியல் வழக்கில் ஆள் வராவிட்டால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய வெளிப்படையான விதி உண்டு. குற்றவியலில் அதற்கு இணையான விதி கிடையாது. நீதிமன்றங்கள் ஐம்பது ஆண்டுகளாக மாற்றி மாற்றி நிரப்பிய இடைவெளி இதுதான்.

பாணி சிங்குக்கு முன்னும் பின்னும்

1971-இல் ஷியாம் தேவ் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நிலை எடுத்தது: மேல்முறையீட்டாளர் வராவிட்டாலும், ஏற்கப்பட்ட மேல்முறையீட்டை ஆவணங்களைப் பார்க்காமல் தள்ள முடியாது. 1987-இல் ராம் நரேஷ் யாதவ் வழக்கில் இன்னோர் அமர்வு ஏறக்குறைய எதிர்த்திசையில் போனது. வக்கீலும் கட்சிக்காரரும் வராதபோது தகுதியின் அடிப்படையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் வழக்கை நடத்தாத காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யலாம், அல்லது அரசுச் செலவில் வக்கீலை நியமித்துக் கேட்கலாம். கேட்காமல் தீர்ப்பதைவிடத் தள்ளிவிடுவது மேல் என்பது இதன் தர்க்கம். விசித்திரமாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு நியாயம் இருந்தது. வராததற்காகத் தள்ளுபடியான மேல்முறையீட்டைத் திரும்ப எடுக்கக் கேட்கலாம். ஆவணம் பார்த்துத் தீர்த்துவிட்டால் அதே நீதிமன்றத்தில் அந்த வழி அடைபட்டுவிடும்.

1996-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு பாணி சிங் வழக்கில் இந்த மோதலைத் தீர்த்தது. ராம் நரேஷ் யாதவ் தீர்ப்பு தவறு, ஷியாம் தேவ் பாண்டேதான் சரி என்றது. நோட்டீஸ் போயும் வராவிட்டால், வழக்கைத் தள்ளிவைக்க நீதிமன்றத்துக்குக் கடமை இல்லை. ஆவணங்களைப் படித்துத் தகுதியின் பேரில் முடிக்கலாம். ஆனால் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய முடியாது. மேல்முறையீட்டாளர் சிறையில் இருந்து, வக்கீல் மட்டும் வராவிட்டால், வழக்கைத் தள்ளிவைப்பதே முறை. தேவையானால் அரசுச் செலவில் வக்கீலை வைக்கலாம்.

பாணி சிங் இன்றும் சட்டம். அதன் பலவீனமும் இன்றும் இருக்கிறது. ஆவணம் பார்த்துத் தீர்ப்பது என்பது தாளில் நன்றாக இருக்கிறது. ஒரு பட்டாசு ஆலை வழக்கின் ஆவணம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்: தடயவியல் ஆய்வறிக்கை, மருந்துக் கலவையில் இருந்த வேதிப்பொருள்களின் பட்டியல், எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற உரிம நிபந்தனை, விபத்துக்கு முந்தைய ஆய்வுக் குறிப்புகள், உள்குத்தகை பற்றிய முரண்பட்ட சாட்சியங்கள். உராய்வில் வெடித்ததா, கலவையின் தவறா, மருந்து அறையில் ஆள் கூடியதா என்ற கேள்விகளில் ஃபோர்மேனின் பங்கு எவ்வளவு, உரிமதாரரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒரு வக்கீல் எதிரே நின்றால்தான் ஆவணம் பேசும். தனியாகப் படிக்கும் நீதிபதிக்குக் கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் வரிசையே வழிகாட்டியாகிவிடும் அபாயம் உண்டு. தகுதியின் பேரில் முடித்ததாகச் சொல்லப்படும் சில தீர்ப்புகள் உண்மையில் நல்ல உடை போட்ட தள்ளுபடிகளே என்ற ஐயம் அதனால் எழுகிறது.

இந்த ஐயத்தை 2011-இல் முகமது சுக்கூர் அலி வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு வெளிப்படையாகச் சொன்னது. வக்கீல் வராவிட்டால் அதன் பழியைக் கட்சிக்காரர் சுமக்கக் கூடாது. நீதிமன்ற நண்பராக ஒரு வக்கீலை நியமித்த பிறகே அவருக்கு எதிராகத் தீர்க்கலாம் என்றது. ஆனால் 2013-இல் கே.எஸ். பாண்டுரங்கா வழக்கில் இன்னோர் இரு நீதிபதிகள் அமர்வு, இது மூன்று நீதிபதிகளின் பாணி சிங் தீர்ப்புக்கு முரணானது, ஆகவே கட்டுப்படுத்தாது என்று ஒதுக்கிவைத்தது. அதே ஆண்டு சூர்ய பக்ஷ் சிங் வழக்கு நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது: தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காணாமல் போகிறவர்கள். அவர்களுக்காக நீதிமன்றம் முடிவில்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை என்றது அது.

இரண்டு வரிசைத் தீர்ப்புகளும் தத்தம் மனக்கண்ணில் வேறு வேறு ஆளை வைத்துப் பேசுகின்றன. ஒன்றில் சிறையில் இருப்பவர், மற்றதில் ஜாமீனில் மறைந்தவர். விதியைப் பொதுவாக எழுதி இருவருக்கும் ஒரே அளவில் பொருத்தப் பார்ப்பதால்தான் இழுபறி.

விடுதலையை எதிர்த்து வரும் மேல்முறையீட்டில் நிலைமை ஓரளவு தெளிவு. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற கிறிஸ்டோபர் ராஜ் வழக்கில் (2019), குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையாகாத நிலையிலேயே விடுதலை ரத்தாகித் தண்டனை வந்திருந்தது. இரண்டாவது நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது சட்டப்பணிகள் குழு மூலமோ நீதிமன்ற நண்பர் மூலமோ அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. அமர்வு நீதிமன்றம் ஒரு ஃபோர்மேனின் மேல்முறையீட்டை அவர் இல்லாமலே தள்ளும்போது இதே கவனம் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டால், சட்டத்தில் நேரடியான விடை இல்லை.

நாள் தவறினால்

ஆள் வராதது ஒன்று. மனுவே கெடு தாண்டி வருவது வேறொன்று. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றம் போக 30 நாள், உயர் நீதிமன்றம் போக 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள். தீர்ப்பு நகல் பெற ஆகும் நாள்கள் கணக்கில் கழியும். போதுமான காரணம் காட்டினால் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற என். பாலகிருஷ்ணன் வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்ற அதன் கருத்து உரிமையியல் வழக்கில் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் தாமத மன்னிப்பு மனுக்களில் அது இல்லாமல் வாதம் நடப்பது அரிது.

சிறையில் இருப்பவரின் தாமதம் தனி ரகம். எம்.எச். ஹோஸ்கோட் வழக்கில் (1978) மேல்முறையீடு நான்கு ஆண்டுக்கு மேல் தாமதமாக வந்தது. தீர்ப்பு நகல் சிறைக்கு வந்தது. கைதியின் கையில் சேர்ந்ததற்கு எழுத்தில் சான்று இல்லை. நீதிபதி கிருஷ்ண ஐயர் இதை அலுவலகக் கவனக்குறைவாக மட்டும் பார்க்கவில்லை. நகலை உடனே தர வேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும், மேல்முறையீடு செய்யச் சிறை நிர்வாகம் வசதி செய்ய வேண்டும், இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசமைப்பின் 21-ஆம் உறுப்பிலிருந்து கடமைகளை வரைந்தார். ஹோஸ்கோட்டின் மனு தகுதியின் பேரில் தள்ளுபடியானது என்பது வேறு விஷயம். கைதிகளுக்குச் சட்ட உதவி கிடைக்கிறதா என்பதை 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருந்ததைப் பார்த்தால், 1978-இன் கட்டளைகள் எல்லாச் சிறைகளிலும் வேரூன்றிவிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

வெளிநாடுகளில் இரு துருவமும் உண்டு. அமெரிக்காவில் பவுல்ஸ் வழக்கு (2007) கடுமையின் உச்சம். மேல்முறையீட்டு நோட்டீஸ் தாக்கல் செய்யச் சட்டம் தந்தது 14 நாள். நீதிபதி தவறுதலாக 17 நாள் தந்தார். அதை நம்பி, 17 நாளுக்குள், ஆனால் 14 நாள் தாண்டித் தாக்கல் செய்தார் கைதி. கெடு நீதிமன்றத்தின் அதிகார எல்லையைச் சேர்ந்தது, நீதிபதியாலும் நீட்ட முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் கதவை மூடியது. அதே நீதிமன்றம் 2019-இல் கார்சா வழக்கில், கட்சிக்காரர் கேட்டும் வக்கீல் மேல்முறையீட்டு நோட்டீஸ் தாக்கல் செய்யாவிட்டால், அது வக்கீல் உதவி பெறும் உரிமையைப் பறித்ததற்குச் சமம் என்றது. நீதிபதியின் தவறுக்குக் கைதி பொறுப்பு, வக்கீலின் தவறுக்குப் பொறுப்பில்லை! பவுல்ஸின் கைதி அப்போது கேட்டது பிந்தைய நிவாரண மனு மீதான மேல்முறையீடு; சட்ட நுணுக்கத்தில் இரண்டும் வேறு. ஆனாலும் சாதாரண வாசகருக்கு இந்த இரண்டையும் சேர்த்து விளக்குவது எளிதல்ல.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ், பிறகு வழக்கு ஆவணம் கிடைத்த 14 நாளுக்குள் காரணங்களை விளக்கும் மனு என்று இரட்டைக் கதவு இருக்கிறது. சிங்கப்பூரில் இரண்டாவது கதவைத் தவறவிட்டால் மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். ஆனால் நீதி கோரினால் தவறை மன்னித்து அனுமதிக்கும் அதிகாரத்தை இரு நாட்டுச் சட்டங்களும் உயர் நீதிமன்றத்துக்கு விட்டுவைத்திருக்கின்றன. இலங்கையில் 1990-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளில் 8-ஆம் விதி, எதிர்த்தரப்புக்கான நோட்டீசுகளை மேல்முறையீட்டாளரே உரிய காலத்தில் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதைத் தவறவிட்டதற்காகவே மனுக்களைத் தள்ளிய தீர்ப்புகள் அங்கே ஒரு நீண்ட வரிசை. இந்தியச் சட்டத்தில் மேல்முறையீட்டு நோட்டீசை அனுப்புவது நீதிமன்றத்தின் வேலை. சுமை யார் தோளில் என்ற இந்த ஒரே வேறுபாடு விளைவுகளை வெகுவாக மாற்றிவிடுகிறது.

பட்டாசு வழக்கின் கெடுக்கள்

சிவகாசி வட்டாரத்தில் நோட்டீஸ் கேள்வி மேல்முறையீட்டில் முதன்முறையாகத் தலைகாட்டுவதில்லை. வழக்கின் வேரிலேயே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 106-ஆம் பிரிவின்படி, குற்றம் ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். எழுத்துமூலமான ஆணையை மீறிய குற்றமானால் ஆறு மாதம். தாண்டினால் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. கீழ்நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் தண்டித்திருந்தாலும், மேல்முறையீட்டில் உரிமதாரரின் வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தத் தேதியைத்தான். இங்கே கெடு தவறியவர் அரசு அலுவலர். பலன் ஆலை நடத்துபவருக்கு. இழப்பு தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடப்பவருக்கு, அவர் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லாதபோதும்.

அதே சட்டத்தின் 101-ஆம் பிரிவு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஆலையின் பொறுப்பாளர் அல்லது மேலாளர் மீது குற்றம் சாட்டப்பட்டால், உண்மையில் தவறு செய்தவர் இன்னார் என்று வேறொருவரைக் காட்டித் தான் தப்பிக்க வழி உண்டு. அதற்கு அவர் தானே முறையாகப் புகார் கொடுத்து, வழக்குத் தொடுப்பவருக்கு முழு மூன்று நாளுக்குக் குறையாமல் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பொறுப்பாளர் மீதான கண்டிப்பான பொறுப்பை 1996-இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, இந்தப் பிரிவைத்தான் கடுமையைத் தணிக்கும் வாய்ப்பாகச் சுட்டியது. இந்த நோட்டீசைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, மேல்முறையீட்டில் வந்து ஃபோர்மேன்தான் தவறு செய்தார் என்று சொன்னால் நிற்காது. இங்கே கண்டிப்பாக இருப்பதை நியாயம் என்றே சொல்லத் தோன்றுகிறது. காரணம், அந்த நோட்டீஸ் இன்னொரு மனிதரின் தலையில் குற்றத்தை இறக்குவதற்கு முன்னால் வைக்கப்பட்ட தடை. மூன்று நாள் என்பது அரசுத் தரப்பு தயாராவதற்கு மட்டுமல்லாமல், மாட்டிவிடப்படும் தொழிலாளிக்கும் ஒரு பாதுகாப்பு.

1908-ஆம் ஆண்டின் வெடிமருந்துப் பொருட்கள் சட்டத்தில் 7-ஆம் பிரிவு, மாவட்ட ஆட்சித்தலைவரின் இசைவு இல்லாமல் விசாரணை நடத்தக் கூடாது என்கிறது. காவல்துறையின் புலன்விசாரணைக்கு இந்தத் தடை இல்லை, நீதிமன்ற விசாரணைக்குத்தான். இந்த இசைவு கோப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் இருக்கிறது என்பது மேல்முறையீட்டில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் வாதம். இதற்கு எதிராக அரசுத் தரப்பு எடுக்கும் கேடயம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 511: நடைமுறைத் தவறு உண்மையில் நீதி தவற வழிவகுத்திருந்தால் ஒழிய, அதற்காகத் தீர்ப்பை மாற்றக் கூடாது. 1955-இல் வில்லியம் ஸ்லேனி வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்டார். தவறு நடந்ததா என்பதைவிட அதனால் யாருக்காவது பாதகம் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்ற அந்த அணுகுமுறை, அரசின் தவறுகளை மன்னிக்கத் தாராளமாகப் பயன்பட்டிருக்கிறது. தண்டிக்கப்பட்டவரின் தவறுகளை மன்னிக்க அதே தாராளம் காட்டப்பட்டதா என்பது விவாதத்துக்குரியது.

ஒரு சிறு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஆகவே வழக்கை நீதிமன்றம் ஏற்க மூன்று ஆண்டுக் கெடு இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் தண்டனை ஐந்து ஆண்டாக உயர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கெடு இல்லை. அதாவது, 2024 ஜூலைக்குப் பிந்தைய ஆலை விபத்துகளில் குற்றப்பத்திரிகை தாமதமானது என்ற ஒரு வாதம் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருப்பதால், மேலே சொன்ன தொழிற்சாலைச் சட்டக் கெடுக்களும் இனிப் புதிய வழக்குகளில் வேறு உருவில்தான் வாதிடப்படும்.

சிவகாசியின் வேறொரு வகை வழக்கு காசோலை. சரக்கு லாரியில் வட மாநிலங்களுக்குப் போய்விடும். பணம் தீபாவளிக்குப் பிறகு வரும், அல்லது வராது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் நோட்டீஸ்தான் உயிர்நாடி. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். பெற்றவருக்குப் பணம் தர 15 நாள். பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். பதினைந்து நாள் முடியுமுன் போட்ட புகார் செல்லாது என்றது யோகேந்திர பிரதாப் சிங் தீர்ப்பு (2014). தீபாவளிக்குத் திறந்து தீபாவளிக்கு மூடும் கடைக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தால் என்ன செய்வது? சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளலாம்; வரவில்லை என்பவர் நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டி விடுபடலாம் என்று 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. நோட்டீஸ் பற்றிய இந்தியத் தீர்ப்புகளிலேயே மிகவும் நடைமுறை அறிவோடு எழுதப்பட்டது இதுதான் என்று சொல்லலாம். கெடுவையும் காக்கிறது, கெடுவின் நோக்கத்தையும் காக்கிறது.

பெயர் இல்லாத தரப்பு

385-ஆம் பிரிவின் நோட்டீஸ் பட்டியலை மறுபடி பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். ஆய்வாளர் தொடுத்த வழக்கானால் ஆய்வாளருக்கு நோட்டீஸ் உண்டு, அவர்தான் புகார்தாரர். காவல்துறை வழக்கானால் அரசுக்கு உண்டு. இறந்த தொழிலாளியின் மனைவிக்கோ தாய்க்கோ இல்லை. ஆலை உரிமதாரரின் தண்டனை ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது என்பதை அவர்கள் ஊர்ப் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரலாம்.

2009-இல் 372-ஆம் பிரிவில் சேர்ந்த விதிவிலக்கு, இப்போதைய 413, பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை தந்தது. அதற்கு உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று மல்லிகார்ஜுன் கொடகலி தீர்ப்பு (2018) சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற செலஸ்டியம் ஃபைனான்ஷியல் வழக்கில் (2025), காசோலைப் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரே என்று இதை உச்ச நீதிமன்றம் நீட்டியது. சிவகாசி வியாபாரிகளுக்கு இது நேரடிப் பயன். விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு உள்ள வசதி இன்னும் வெளிப்படையானது. மேஜிஸ்திரேட் விடுதலை செய்த பழைய 304-ஏ வழக்கில், அது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால், அரசு மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுமதி கேட்டுப் போக வேண்டும். குடும்பமோ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் எத்தனை நாளுக்குள்? சட்டம் சொல்லவில்லை. அரசுக்கு 90 நாள் என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு கெடுவும் எழுதப்படவில்லை. இதை உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாக நிரப்பியிருக்கின்றன. கெடு இல்லாதது சலுகை போலத் தெரியும். உண்மையில் அது எந்த நாளில் கதவு மூடும் என்று தெரியாத நிலை. விடுதலைத் தீர்ப்பு வந்ததையே அவர்களுக்கு அறிவிக்க யாருக்கும் கடமை இல்லாதபோது, நாளை எங்கிருந்து எண்ணுவது?

இங்கே இரண்டு நிலைப்பாடுகள் மோதுகின்றன. லக்கிம்பூர் கேரி சம்பவத்தில் எழுந்த ஜக்ஜீத் சிங் வழக்கு (2022), புலன்விசாரணையிலிருந்து மேல்முறையீடு, சீராய்வு முடியும் வரை பாதிக்கப்பட்டவருக்குப் பங்கேற்கும் உரிமை உண்டு என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு இதை நோட்டீஸ் கடமையாகவே எழுதியிருக்கிறது; அது கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கு (2021) உறுதிசெய்தது. மறுபுறம், குற்றவியல் வழக்கு அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது, மூன்றாவது குரல் சேர்ந்தால் தண்டிக்கப்பட்டவர் இரு எதிரிகளைச் சந்திக்க நேரும் என்ற பழைய நிலைப்பாடும் வெறும் பிடிவாதம் அல்ல. ஒரே விபத்தில் இருபது குடும்பம் என்றால், அத்தனை நோட்டீசும் சேர்ந்து முடியும் வரை ஒரு ஃபோர்மேனின் மேல்முறையீடு காத்துக் கிடக்குமா என்ற கேள்வி நியாயமானது. பேசும் உரிமையையும் தகவல் பெறும் உரிமையையும் பிரித்தால் இது பெருமளவு தீரும். தகவல் சேர்வதை உறுதிசெய்யலாம். அது சேராததால் மேல்முறையீடு நிற்க வேண்டியதில்லை.

தீராமல் இருப்பவை

புதிய சட்டம் ஒரு பழைய கேள்வியைத் தலைகீழாக்கியிருக்கிறது. 356-ஆம் பிரிவின்படி, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரித்துத் தண்டிக்கலாம். அவர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் மேல்நீதிமன்றத்தில் நேரில் வந்து நிற்க வேண்டும். தீர்ப்பிலிருந்து மூன்று ஆண்டு கழிந்தால் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடே கிடையாது. ஆலை வெடித்ததும் உரிமதாரரும் உள்குத்தகைதாரரும் தலைமறைவாவது இந்த வட்டாரத்தில் வாடிக்கையான செய்தி என்பதால், இப்பிரிவு இங்கே அடிக்கடி பேசப்படக்கூடும். இந்த மூன்று ஆண்டு முற்றிலும் மூடிய கதவா, 21-ஆம் உறுப்பின் பெயரில் நீதிமன்றங்கள் அதில் ஒரு இடுக்கு வைக்குமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 180 நாளுக்குப் பின் மேல்முறையீட்டுக்கு இருந்த முழுத்தடையை 2018-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வு செல்லாது என்றது, நீதிமன்றங்களின் போக்குக்கு ஒரு குறிப்பு. ஆனால் ஓடி ஒளிந்தவர் மீது அதே பரிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மின்வழி நோட்டீஸ் இன்னொன்று. நீதிமன்றச் சம்மனை மின்வழியில் அனுப்பப் புதிய சட்டம் இடம் தருகிறது. ஆனால் காவல்துறை முன் வரச்சொல்லும் 35-ஆம் பிரிவு நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒருவரின் சுதந்திரத்தை நேரடியாகத் தொடுகிறது என்பதே காரணம். மேல்முறையீட்டு நோட்டீசும் அதே சுதந்திரத்தைத்தான் தொடுகிறது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் படிக்கும் பிள்ளையின் கையில் என்ற குடும்பத்துக்கு மின்வழியில் போன நோட்டீஸ் சேர்ந்ததாகக் கொண்டு, வராததால் ஆவணம் பார்த்து முடித்துவிட்டால், பாணி சிங் தந்த பாதுகாப்பில் என்ன மிஞ்சும் என்பதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வக்கீல் வராத நாளில், சிறையில் இல்லாத மேல்முறையீட்டாளருக்கு நீதிமன்ற நண்பரை நியமிப்பது கட்டாயமா என்பதும் தீரவில்லை. சுக்கூர் அலி நிராகரிக்கப்பட்டது அமர்வின் எண்ணிக்கைக் கணக்கில். அதன் கருத்தைப் பெரிய அமர்வு எதிர்கொண்டு மறுத்ததில்லை. பாணி சிங்கின் மூன்று நீதிபதிகளைத் தாண்டி ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை எடுக்கும் வரை, சாத்தூரிலோ சிவகாசியிலோ தண்டிக்கப்பட்ட ஒருவரின் மேல்முறையீடு யாரும் வாதிடாமல் முடியுமா என்பது அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அமர்ந்திருக்கும் நீதிபதியின் விருப்புரிமையில் நிற்கிறது.